‘எப்படித் தெரியும்?’ என்று கேட்கப் பழக்குதல்: இளங்கலை உளவியலின் முதலாண்டு

வேதியியலோ தாவரவியலோ படிக்க வரும் மாணவர் பள்ளிப் பாடநூலில் இருந்ததைத் தவிர அத்துறையைப் பற்றி உறுதியான சொந்தக் கருத்து எதையும் பெரும்பாலும் சுமந்து வருவதில்லை, பி.எஸ்சி. உளவியலில் சேரும் மாணவரோ, கோபம் ஏன் வருகிறது, குழந்தை ஏன் பொய் சொல்கிறது, யாரை நம்பலாம், யாருக்குப் ‘பைத்தியம்’ பிடிக்கும் என்பவற்றுக்கெல்லாம் வீட்டிலும் தெருவிலும் திரைப்படத்திலும் கைப்பேசிக் காணொளியிலும் கிடைத்த விடைகளோடு வகுப்புக்குள் நுழைகிறார். மனிதர் மூளையில் பத்து விழுக்காட்டை மட்டுமே பயன்படுத்துகின்றனர், நினைவு என்பது நடந்ததை அப்படியே பதிந்து வைக்கும் ஒளிப்படம், ஒருவருக்குக் கேட்டால் படியும், இன்னொருவருக்குப் பார்த்தால்தான் படியும் என்பன போன்ற நம்பிக்கைகள் அவ்விடைகளுள் அடங்கும். பள்ளியில் உளவியலைத் தனிப்பாடமாகப் படித்து வருவோர் சிலரே என்பதால், இந்த நம்பிக்கைகள் ஒருமுறைகூடச் சோதிக்கப்படாதவையாகவே இருக்கும். ஆகவே முதலாண்டு ஆசிரியரின் தலையாய பணி, பாடத்திட்டத்திலுள்ள ஐந்து அலகுகளையும் முடிப்பதற்கும் முன்பாக, ஒரு கூற்றைக் கேட்டவுடன் ‘இது எப்படித் தெரியும்?’ என்று கேட்கும் பழக்கத்தை மாணவரிடம் ஊன்றுவதாகும். இந்த அத்தியாயம் அப்பணியை நாள்தோறும் செய்யக்கூடிய வழிகளைப் பற்றியது.

முதல் வாரத்திலேயே செய்யத்தக்க ஓர் எளிய பயிற்சி உண்டு. வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு ‘பிரிவு அன்பை வளர்க்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன’ என்று எழுதிய தாளும், மறுபாதியினருக்கு ‘பிரிவு அன்பைத் தேய்க்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன’ என்று எழுதிய தாளும் கொடுத்து, இம்முடிவு எவ்வளவு எதிர்பார்த்தது, அதற்குக் காரணம் என்ன என்று தனித்தனியே எழுதச் சொல்ல வேண்டும். இரு பாதியினரில் பெரும்பாலோரும் தமக்குக் கிடைத்த முடிவை ‘எதிர்பார்த்ததே’ என்று எழுதி, பொருத்தமான காரணத்தையும் கண்டுபிடித்துத் தருவர். விடையை அறிந்த பிறகு அதை முன்பே அறிந்திருந்ததாகத் தோன்றும் இந்த மனப்போக்கைப் பின்னறிவுச் சாய்வு என்பர். பாருக் ஃபிஷ்ஹாஃப் 1975இல் இதைச் சோதனை வழியே காட்டினார். இரு தாள்களையும் பலகையில் அருகருகே ஒட்டும் கணத்தில் வகுப்பில் எழும் சலசலப்பே, பொதுஅறிவு ஏன் போதாது என்ற கேள்விக்கு ஒரு மணி நேர விரிவுரையைவிடத் தெளிவான விடையாகும். தாளில் இருந்தவை பயிற்சிக்காக எழுதப்பட்ட கூற்றுகள் என்பதை அதே வகுப்பில் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். இல்லையெனில் மாணவரில் சிலர் அவற்றை ஆய்வு முடிவாகவே குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்வர்.

செய்முறை வகுப்பு: சொற்பட்டியலும் நிறப்பட்டியலும்

உளவியலில் செய்முறை வகுப்பு பல இடங்களில் ரெக்கார்டு நோட்டை நிரப்பும் வகுப்பாகச் சுருங்கிவிட்டது. நோக்கம், கருவிகள், செய்முறை, அட்டவணை, முடிவு என்று மூத்த மாணவரின் ரெக்கார்டிலிருந்து வரிவரியாக நகலெடுக்கப்படும் பக்கங்களில், முடிவு முன்பே தெரிந்திருப்பதால் கேள்வி என்ற ஒன்று எழுவதற்கே இடமில்லை. வில்ஹெல்ம் வுண்ட் 1879இல் லைப்சிக் நகரில் ஆய்வகம் அமைத்ததையே இத்துறை தன் தொடக்கமாகக் கொள்கிறது. இந்தியாவிலும் 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் நரேந்திரநாத் சென்குப்தாவின் பொறுப்பில் தொடங்கிய துறை சோதனை உளவியலையே அடித்தளமாகக் கொண்டது. ஆய்வகத்தால் பிறந்த துறையில் ஆய்வகமே உயிரற்றுப் போவது மாணவருக்கு நேரும் பெரிய இழப்பு.

இதை மாற்றுவதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. எடுத்துக்காட்டாக, போலி நினைவுச் சோதனைக்கு ஒரு தாளும் ஆசிரியரின் குரலும் போதும். ஜேம்ஸ் டீஸ் 1959இல் கையாண்ட முறையை ஹென்றி ரோடிகரும் கேத்லீன் மெக்டெர்மட்டும் 1995இல் மீண்டும் எடுத்து விரிவாக்கினர்: ஒரே கருத்தைச் சுற்றிய சொற்களை வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொன்னபோது, வாசிக்கப்படாத மையச் சொல்லையும் பங்கேற்றோர் எழுதினர், இரண்டாவது ஆய்வில் இப்படி மையச் சொல் எழுதப்பட்டது 55 விழுக்காட்டுப் பட்டியல்களில். தமிழில் இதைச் செய்ய விரும்பும் ஆசிரியர் படுக்கை, ஓய்வு, களைப்பு, கனவு, விழிப்பு, போர்வை, தலையணை, கொட்டாவி, குறட்டை, பாய், இரவு, தாலாட்டு என்ற பன்னிரண்டு சொற்களை, ஒன்றரை விநாடிக்கு ஒன்றாக, எந்தச் சொல்லையும் அழுத்தாமல் வாசிக்கலாம். மாணவர் எழுதும் தாள்களில் ‘தூக்கம்’ என்ற சொல் எத்தனையில் தென்படுகிறது என்பதே கேள்வி.

ஆங்கிலப் பட்டியலை மொழிபெயர்த்தே பயன்படுத்தலாம் என்று தோன்றக்கூடும், அது தவறு. ஒரு சொல் எதை நினைவூட்டும் என்பது மொழிக்கு மொழி மாறும் ஆதலால், ‘தூக்கம் என்றவுடன் நினைவுக்கு வரும் சொற்களை எழுதுக’ என்று வேறொரு வகுப்பைக் கேட்டு, அடிக்கடி வந்த சொற்களைக் கொண்டு பட்டியலை அமைப்பதே முறை. பாயும் தாலாட்டும் அப்படித்தான் பட்டியலுக்குள் வரும். இந்த முன்தயாரிப்பை மாணவரே செய்யும்போது, ஓர் ஆய்வுக் கருவி எங்கிருந்து வருகிறது என்பதை அவர்கள் கைப்படத் தெரிந்துகொள்கின்றனர்.

அடுத்து ஒரு சிக்கல் தவறாமல் எழும். சிலர் ‘உறக்கம்’ என்று எழுதியிருப்பர். இலங்கை வழக்கு அறிந்தவர் ‘நித்திரை’ என்றும் எழுதியிருக்கலாம். இவற்றைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா? அளக்க வேண்டியதை எந்தச் செயலால் அளப்பது, எதை எண்ணுவது, எதை எண்ணாமல் விடுவது என்று முன்கூட்டியே வகுக்கும் வரையறையைச் செயல்முறை வரையறை என்பர். பாடநூலில் ஒரு வரியாகக் கடந்துபோகும் இக்கருத்து, விடைத்தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு மாணவர் வாதிடும்போதுதான் உயிர் பெறுகிறது. தரவைப் பார்த்த பிறகு விதியை மாற்றினால் என்ன கேடு நேரும் என்பதும் அவ்வாதத்திலேயே வெளிப்படும். வகுப்பின் மறுபாதிக்குக் கடலைச் சுற்றிய சொற்பட்டியலை வாசித்து, அவர்களில் எத்தனை பேர் ‘தூக்கம்’ என்று எழுதினர் என்று ஒப்பிட்டால், கட்டுப்பாட்டுக் குழு, அதாவது ஆராயப்படும் காரணி தவிர மற்றவற்றில் ஒத்திருக்கும் ஒப்பீட்டுக் குழு, எதற்குத் தேவை என்பதும் அங்கேயே விளங்கும்.

நிறப்பட்டியல் சோதனை இன்னும் வளமானது. ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935இல் வெளியிட்ட ஆய்வில், நூறு நிறக் கட்டங்களின் நிறத்தைச் சொல்லக் கல்லூரி மாணவருக்குச் சராசரியாக 63 விநாடி ஆயிற்று. ஒரு நிறத்தின் பெயர் வேறொரு நிற மையால் அச்சிடப்பட்டிருந்தபோது, அந்த மையின் நிறத்தைச் சொல்ல 110 விநாடி ஆயிற்று. வாசிப்பு தானாக நிகழ்ந்து நிறம் சொல்வதில் குறுக்கிடுகிறது என்பது இதற்குத் தரப்படும் விளக்கம். இருமொழி மாணவர் நிறைந்த தமிழக வகுப்பறையில் இச்சோதனைக்கு ஒரு கிளைக் கேள்வி இயல்பாகவே வாய்க்கிறது: ‘சிவப்பு’ என்று தமிழில் எழுதி நீல மையிட்டால் குறுக்கீடு கூடுமா, ‘ரெட்’ என்று ஆங்கில எழுத்தில் எழுதி நீல மையிட்டால் கூடுமா? தமிழ்வழியில் படித்து வந்தவரும் ஆங்கிலவழியில் படித்து வந்தவரும் ஒரே முடிவைத் தருவார்களா? விடையைச் சோதனைக்கு முன்பே தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டிவிடச் சொல்வது நல்லது. அப்படி எழுதப்படுவதே கருதுகோள், அதாவது தவறாகப் போகக்கூடிய அளவுக்குத் தெளிவாகச் சொல்லப்பட்ட எதிர்பார்ப்பு. விடை பாடநூலில் அச்சாகியிராத ஒரு கேள்வியைத் தம் வகுப்புத் தோழரிடமே சோதித்தறியும் வாய்ப்பு, பதினெட்டு வயது மாணவரை ஆய்வின்பால் ஈர்ப்பதுபோல் வேறெதுவும் ஈர்ப்பதில்லை. அவர் எழுதும் ரெக்கார்டையும் நகலெடுக்க இயலாது.

பழைய கருவிகளைப் புறக்கணிக்கவும் தேவையில்லை. பல துறைகளின் அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் கண்ணாடி வரைவுக் கருவி, விண்மீன் வடிவத்தைக் கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டே கோடு பிசகாமல் வரையச் சொல்வது. வலிப்பு நோய்க்காக 1953இல் மூளையின் இரு பக்கங்களிலும் ஹிப்போகாம்பஸ் பகுதி அகற்றப்பட்டதால் புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் நிறுத்த இயலாமற்போன ஹென்றி மொலைசன், இதே வகைப் பணியை மூன்று நாள் செய்து, செய்த நினைவே இல்லாமல் நாளுக்கு நாள் தேர்ச்சி பெற்றதை பிரெண்டா மில்னர் பதிவு செய்தார். செயலைக் கற்கும் நினைவும் நிகழ்ச்சியை நினைக்கும் நினைவும் மூளையில் வெவ்வேறு வழிகளைச் சார்ந்தவை என்ற அறிவுக்கு அது அடித்தளமாயிற்று. இதைச் சொல்லிவிட்டு அக்கருவியை மேசையில் வைத்தால், மாணவர் அதைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

புகழ்பெற்ற கதைகளைச் சொல்லும் முறை

முதலாண்டுப் பாடநூல்களில் ஆய்வுகள் கதைகளாக வருகின்றன. கதை நன்றாக நினைவில் நிற்பதால் ஆசிரியரும் அவற்றை விரும்புகின்றனர். ஆனால் சில கதைகள் உண்மையிலிருந்து விலகியவை என்று பின்னர் தெரியவந்திருக்கிறது, அந்தத் திருத்தம் வகுப்பறைக்கு வந்து சேருவதில் பெரும் தாமதம் இருக்கிறது. 1964 மார்ச் 13 அன்று நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் கொல்லப்பட்டபோது 38 பேர் சாளரங்களில் நின்று பார்த்தும் ஒருவரும் உதவவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அது அப்படியே பாடநூல்களில் ஏறியது. ரேச்சல் மேனிங், மார்க் லெவின், ஆலன் காலின்ஸ் ஆகிய மூவரும் 2007இல் வெளியிட்ட கட்டுரை, கிடைக்கும் சான்றுகள் அச்சித்திரத்தை உறுதிப்படுத்தவில்லை என்று காட்டியது. எனினும் அச்செய்தியால் தூண்டப்பட்டு ஜான் டார்லியும் பிப் லட்டானேயும் செய்து 1968இல் வெளியிட்ட சோதனை தனித்து நிற்கிறது: ஒலிவாங்கி வழியே உரையாடும் ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் கேட்கச் செய்தபோது, கேட்பவர் தாம் ஒருவரே என்று நம்பியோரில் 85 விழுக்காட்டினர் அந்நிகழ்ச்சி முடிவதற்குள் உதவி தேடினர், தம்மோடு இன்னும் நால்வரும் கேட்கின்றனர் என்று நம்பியோரில் 31 விழுக்காட்டினரே அவ்வாறு செய்தனர். செய்தி பிழையாக இருந்தும் அதிலிருந்து பிறந்த கேள்வி நல்ல சோதனைக்கு வழிவகுத்தது என்பதை மாணவர் காணும்போது, சான்று, கதை என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்கும் கண் அவருக்குத் திறக்கிறது.

ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனை இதற்கு நேர்மாறான நிலை. ஃபிலிப் ஜிம்பார்டோ 1971 ஆகஸ்டில் காவலராகவும் கைதியாகவும் நடிக்க 24 இளைஞரைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வாரம் நடத்தத் திட்டமிட்டு, ஆறு நாளில் நிறுத்திய அச்சோதனையில், காவலராக நடித்தோர் தாமாகவே கொடுமையில் இறங்கினர் என்பதுதான் கதையின் உயிர். ஆவணக் காப்பகத்தை ஆராய்ந்து 2019இல் எழுதிய திபோ லெ டெக்சியே, காவலருக்கு எவ்வாறு நடக்க வேண்டும் என்ற வழிகாட்டுதல் நடத்துநரிடமிருந்தே சென்றது என்று காட்டினார். இங்கே பிழை செய்தித்தாளில் இல்லை, சோதனைக்குள்ளேயே இருக்கிறது. இதைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்குவதைவிட, சோதிப்பவரின் எதிர்பார்ப்பு பங்கேற்பவரின் நடத்தையை வளைக்கும் விதத்துக்கு எடுத்துக்காட்டாக நடத்துவதே பயன் தரும்.

இத்தகைய திருத்தங்களை அடுத்தடுத்துக் கேட்கும் மாணவர், ‘அப்படியானால் உளவியலில் எதுவுமே உண்மையில்லையா?’ என்று கேட்பார்; அக்கேள்வியை வரவேற்று, பொறுமையாக விடை சொல்ல வேண்டும். மீள்சோதனை என்பது ஒருவர் செய்த ஆய்வை இன்னொருவர் அதே முறையில் மீண்டும் செய்து பார்ப்பது. 2015இல் வெளிவந்த பெருங்கூட்டு முயற்சி ஒன்றில் நூறு ஆய்வுகள் இவ்வாறு மீண்டும் செய்யப்பட்டன. முதலில் 97 விழுக்காட்டு ஆய்வுகள் புள்ளியியல் பொருண்மை கொண்ட முடிவை, அதாவது தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத முடிவைத் தந்திருக்க, மீள்சோதனைகளில் 36 விழுக்காடே அதைத் தந்தன. ஸ்ட்ரூப்பின் முடிவோ வகுப்பறைக்கு வகுப்பறை, மொழிக்கு மொழி மீண்டும் மீண்டும் கிடைக்கிறது. எல்லா முடிவுகளும் ஒரே உறுதியுடையவை அல்ல, எது எவ்வளவு உறுதி என்று எடைபோடக் கற்பதே இத்துறையில் பட்டம் பெறுவதன் பொருள் என்பதை ஆசிரியர் தயங்காமல் சொல்லலாம்.

தமிழ் மரபைச் சான்றாகக் கொண்டுவரும்போதும் இதே கவனம் தேவை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. பால் எக்மன் முன்வைத்த ஆறு அடிப்படை உணர்ச்சிகளோடு அவற்றுள் பல ஒத்திருக்கின்றன, பெருமிதம் போன்றவை அப்பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. இதைக் காட்டி ‘நம்மவர் முன்பே கண்டறிந்தனர்’ என்று முடிப்பது எளிது. ஆனால் மெய்ப்பாட்டியல் செய்யுளில் உணர்ச்சி வெளிப்படும் வகையைப் பேசும் இலக்கிய இலக்கணம், எக்மனுடையது முகத்தோற்றங்களை மக்களிடம் காட்டிப் பெற்ற தரவு. உணர்ச்சிகளைப் பிரித்தெண்ணும் முறை எந்த அளவு பண்பாட்டைச் சார்ந்தது என்ற கேள்விக்கு வாயிலாக அதைப் பயன்படுத்தினால், மரபுக்கும் மதிப்பு, பாடத்துக்கும் வலு.

கலைச்சொற்களில் ஒரு கண்ணி

கலைச்சொற்கள் குறித்து ஓர் எச்சரிக்கை போதும். ‘எதிர்மறை வலுவூட்டல்’ என்ற சொல்லைக் கேட்ட மாணவரில் மிகப் பலர் அதைத் தண்டனை என்றே கொள்கின்றனர். தேர்வுத்தாளில் ஆண்டுதோறும் வரும் பிழை இது. சொல்லில் உள்ள ‘எதிர்மறை’ தீமையைக் குறிப்பதில்லை, ஏதோ ஒன்று நீங்குவதைக் குறிக்கிறது. கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தினால் கொசு அகல்கிறது, ஆகவே மறுநாளும் மாலையில் கை சுருளைத் தேடுகிறது. தொல்லை நீங்கியதால் கொளுத்தும் செயல் வலுப்பெற்றது. தண்டனையில் செயல் தளர்கிறது, இங்கே செயல் வலுக்கிறது. ‘நீக்கத்தால் வலுவூட்டல்’ என்று ஒருமுறை விரித்துச் சொல்லிவிட்டால் குழப்பம் பெரிதும் அகலும்.

பருவத்தை நினைவாய்வின்படி அமைத்தல்

மறதியைப் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியர் தம் பாடத்தை மறதியைக் கணக்கில் கொள்ளாமல் அமைப்பது பொருந்தாது. ஹெர்மான் எபிங்ஹாஸ் 1885இல், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மீண்டும் கற்கையில் எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அளந்தார். ஒரு மணி நேரம் கழித்து 44 விழுக்காடும், ஒரு நாள் கழித்து 34 விழுக்காடும், 31 நாள் கழித்து 21 விழுக்காடும் மிச்சமாயின. முதலில் வேகமாகவும் பின்பு மெதுவாகவும் இறங்கும் இந்த மறதி வளைவு அர்த்தமற்ற அசைகளுக்கானது, பாடம் அதே வேகத்தில் மறப்பதில்லை. ஆனால் திங்களன்று நடத்தியதைப் பருவ இறுதி வரை மீண்டும் தொடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் போதிய எச்சரிக்கை அதில் உண்டு.

இதற்கு மாற்று மீண்டும் மீண்டும் வாசிப்பது என்றே மாணவர் நினைக்கின்றனர். ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியை இருமுறை படித்தோர் ஐந்து நிமிடம் கழித்து முந்தி நின்றனர் (81 விழுக்காடு, மற்றவர் 75). ஒருமுறை படித்து ஒருமுறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தோர் ஒரு வாரம் கழித்து முந்தினர் (56 விழுக்காடு, மற்றவர் 42). தேர்வு அறிவை அளப்பதோடு நிற்காமல் அதை உறுதிப்படுத்தவும் செய்கிறது என்பதே இதன் கருத்து. ஆகவே ஒவ்வொரு வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில், குறிப்பேட்டை மூடிவைத்து, முந்தைய வகுப்பிலிருந்து ஒன்றும் மூன்று வாரத்துக்கு முந்தைய வகுப்பிலிருந்து ஒன்றுமாக இரு வினாக்களுக்கு எழுதச் செய்வது, 90 வேலை நாள் கொண்ட பருவத்தில் எந்தப் பாடப்பகுதியையும் பலிகொடுக்காமல் நடத்தக்கூடியது. இதற்கு மதிப்பெண் வேண்டாம்; இன்டர்னல் மதிப்பெண்ணோடு சேர்த்தால் அச்சம் புகுந்துவிடும், பக்கத்துத் தாளைப் பார்ப்பதும் தொடங்கிவிடும்.

மாணவர் இதை முதலில் விரும்பமாட்டார்கள் என்பதையும் ஆசிரியர் எதிர்பார்த்திருக்க வேண்டும். 2019இல் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வில், தாமே முயன்று கற்ற மாணவர் அதிகம் கற்றிருந்தும், சரளமான விரிவுரையைக் கேட்டவரைவிடக் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தனர். முயற்சியின் சிரமம் கற்காததன் அறிகுறிபோல் தோன்றிவிடுகிறது. இந்த ஆய்வையும் மேற்சொன்ன எண்களையும் முதல் வாரத்திலேயே வகுப்பில் நடத்திவிட்டால், முறைக்கான காரணமே பாடமாகவும் ஆகிவிடும்.

மாணவரின் துயர் வகுப்பறைக்குள் வரும்போது

மனநலக் கோளாறுகளைப் பற்றிய அலகு தொடங்கியதும், மாணவர் சிலர் படிக்கும் ஒவ்வொரு குறியையும் தம்மிடமோ தாயிடமோ அறைத்தோழரிடமோ காண்பர். மருத்துவம் பயில்வோரிடம் நெடுங்காலமாகக் கவனிக்கப்பட்டு வரும் இப்போக்கை அலகின் முதல் வகுப்பிலேயே பெயர்சொல்லி விளக்கிவிட வேண்டும். ஒரு குறி இருப்பது வேறு, அது நீடித்து அன்றாட வாழ்வைக் குலைக்கும் அளவில் இருப்பது வேறு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இதனால் ஆறுதல் பெறுவோர் பலர். ஆனால் உண்மையிலேயே துயரத்தில் இருப்பவரும் அதே வகுப்பில் இருப்பார். ‘இதெல்லாம் படிப்பதால் தோன்றுவது’ என்ற சொல் அவரை வாயடைக்கச் செய்துவிடக் கூடாது.

வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி தயங்கி நின்று, ‘மேடம், ஒரு விஷயம் கேட்கலாமா?’ என்று தொடங்கினால், முழுதும் கேட்பது ஆசிரியரின் கடமை. சிகிச்சை தருவது கடமையன்று. உளவியல் கற்பிப்பவர் தம் மாணவருக்கே உளச்சிகிச்சையாளராக இருப்பது, மதிப்பெண் இடும் கையும் அந்தரங்கம் கேட்கும் காதும் ஒருவருடையதே ஆகிவிடுவதால் தவிர்க்கப்பட வேண்டியது. யாரிடமும் சொல்வதில்லை என்று முன்கூட்டியே வாக்களிக்கவும் கூடாது, உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் அந்த வாக்கைக் காக்க முடியாது. கல்லூரி ஆலோசகர், அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டு நாள் முழுதும் கட்டணமின்றி இயங்கும் டெலி மானஸ் உதவி எண் 14416 ஆகியவற்றைப் பருவத்தின் தொடக்கத்திலேயே பாடத்திட்டத் தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டால், கேட்கத் துணியாதவரிடமும் அவை போய்ச் சேரும். இளங்கலைப் பட்டம் பெற்றதும் மற்றவருக்குச் சிகிச்சை தரும் தகுதி வந்துவிடுவதில்லை, இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு வேண்டும் என்பதையும் இதே அலகில் சொல்லிவைக்க வேண்டும்.

செய்முறை வகுப்பில் பதற்றம், சுயமதிப்பு, நுண்ணறிவு போன்றவற்றை அளக்கும் வினாநிரல்கள் வரும்போது இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். பங்கேற்பது விருப்பத்தின்பாற்பட்டது, இடையில் விலகலாம் என்பதை முன்னரே சொல்லிப் பெறும் இசைவைத் தகவலறிந்த ஒப்புதல் என்பர். வகுப்புத் தோழரே சோதிக்கப்படுபவராக இருப்பதால் அது தேவையில்லை என்று கொள்ளக் கூடாது. பெறப்பட்ட எண், எந்த மக்களிடம் அக்கருவி தரப்படுத்தப்பட்டதோ அவர்களோடு ஒப்பிட்டே பொருள் பெறும். வேறொரு நாட்டில், வேறொரு மொழியில், பல பத்தாண்டுகளுக்கு முன் வகுத்த அளவுகோலால் இன்றைய மாணவரைத் தாழ்வு, உயர்வு என்று குறிப்பது முறையாகாது. மதிப்பெண்களை உரக்க வாசிக்கக் கூடாது, பலகையில் எழுதவும் கூடாது. ரெக்கார்டு நோட்டில் ‘சப்ஜெக்ட்’ என்று எழுதுவதை விட்டுப் ‘பங்கேற்பாளர்’ என்று எழுதப் பழக்கி, பெயருக்கும் தலைப்பெழுத்துக்கும் மாற்றாக ஓர் எண்ணை இடச் செய்ய வேண்டும். செய்முறைத் தேர்வு முடிந்து துறை அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் அந்நோட்டுகளை, அடுத்து வரும் மாணவர் யார் வேண்டுமானாலும் எடுத்துப் புரட்டுவார்கள்.